ஏழாவது வளையம்

மேசையில் பச்சைக் கம்பளம் விரித்து
மூன்று துப்பாக்கிகளை வைத்தான் ஆர்ன்ஃபின்,
மீன்கடைப் பலகையில் மாதிரி, தலை ஒரே பக்கம்.

முதலாவது கனம்.
கரடி வருமுன் அதுவே என் தோளைத் தின்றுவிடும்.
இரண்டாவது அழகு.
குளிரில் தாழ்ப்பாள் சிக்கும் என்று அவனே சொன்னான்,
கடைக்காரன் சொல்லக்கூடாததை.
மூன்றாவது ஏதோ ஒரு போர் விட்டுப்போனது.
கட்டையில் எவனோ கீறிய இரண்டு எழுத்து.
அதை எடுத்துக்கொண்டேன்.

இடக்கைக்காரர்களுக்கென்று ஒன்று இருக்கிறது,
ஊருக்கே ஒன்று.
பனியாறு அளக்க வந்த சுவீடன்காரி
மே மாதம்வரை வாடகைக்கு வைத்திருக்கிறாள்.

எனக்கு நொட்டாங்கைதான் சோற்றுக்கை.
வலப்பக்கத் தாழ்ப்பாளை
மேலே கைவீசி எட்டி இழுக்கப் பழகினேன்,
சைக்கிள் கொட்டகையில்,
போலித் தோட்டாக்களோடு,
கையுறை போட்டும் போடாமலும்.
எண்ணெய் தடவாதே, உறையும்.
வீட்டுக்குள் கொண்டுபோகாதே, வேர்க்கும்.
வேர்த்தது வெளியே வந்ததும் பனிக்கட்டி.
இப்படித்தான் ஒரு குளிர்காலம் போயிற்று.

வெயில் திரும்பிய மூன்றாம் வாரம்,
புதன்கிழமை,
பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகளோடு.
மஞ்சள் சட்டைகள், மூக்கொழுகல்,
ஒரு சிவப்புக் கயிறு, அதில் ஆறு வளையம்.
ஆளுக்கொன்று பிடித்து நடக்கலாம்.
பிள்ளைகள் ஏழு பேர்.
தை மாதக் குளிரில் வந்து சேர்ந்தவள் பிரேவா,
அவள் அம்மா விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள்.
வளையம் இல்லாததால்
அவளுக்கு என் கை.

முன்னால் ஓட்வார், இடுப்பில் ஒளிவெடி.
முதலில் அவன் வெடி. பிறகு கூச்சல்.
பிறகுக்கும் பிறகுதான் நான்.
குழாய் காலி, அடியறையில் நான்கு.

நீ சுட்டிருக்கிறாயா? என்றான் எஸ்கில்.
சுட்டிருக்கிறேன், பலகையை.
செத்துப்போச்சா?
பலகை சாகாது.
அப்ப எதுக்குச் சுட்டே?
ஓட்வார் சிரித்தான், திரும்பிப் பார்க்காமல்.

பிரேவா வேறொன்று கேட்டாள்.
ஆப்பிள் நறுக்குறது அந்தக் கை.
கிரேயான் பிடிக்கிறது அந்தக் கை.
எனக்கு மட்டும் ஏன் எப்பவும் இந்தக் கை?
குளிர், வாயை மூடு என்றேன்.
அது பதில் இல்லை என்று
இருவருக்கும் தெரியும்.

சரிவில் மங்கிய வெள்ளையாய் ஏதோ அசைந்தது.

எப்போது வார் தோளைவிட்டு இறங்கியது,
எப்போது கட்டை கன்னத்தில் ஒட்டியது,
தெரியாது.
கொட்டகையில் பழகிய கை
என்னைக் கேட்காமல் தாழ்ப்பாளில் இருந்தது.

கலைமான்.
குட்டைக் கால், அழுக்கு ரோமம்,
பனியைச் சுரண்டிப் பாசி தின்றுகொண்டு
எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.
எஸ்கில் கத்தினான், அது கரடியே இல்ல!
ஏமாந்த குரல்.

அப்புறம்தான் பார்த்தேன்.
நான் உதறிய இடத்திலேயே
பிரேவாவின் கை இன்னும் நீட்டியபடி நின்றது.
பச்சைக் கம்பளிக் கையுறை, கட்டைவிரலில் ஓட்டை.
அழவில்லை.
என் மேலங்கியின் ஓரத்தைத்
தானாகப் பிடித்துக்கொண்டாள்.
ஊர்வரை அப்படியே வந்தாள்.

வாசலில் தாழ்ப்பாளைத் திறந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
பிறகு பிள்ளைகளை எண்ணினேன்.
ஏழு.
இந்த வரிசை எப்போது மாறியது?
சென்ற ஆண்டு பிள்ளைகள் முதலில் என்று
ஞாபகம்.
சத்தியம் பண்ண மாட்டேன்.

இரவு விளக்கடியில்
கயிற்றின் நுனியைப் பிரித்து
ஏழாவது வளையம் தைத்தேன்.
நல்ல கையால், நெருக்கமான தையல்.
நாளை பிரேவா சந்தோஷப்படுவாள்.
வரிசையில் அவளுக்கும் ஓர் இடம்.

எனக்கு இனி
இரண்டு கையும் காலி.